குறையற்றவன்தான் காதலிக்க வேண்டுமா?

ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் காதலிக்கும் கதைகள் இளையோர் கையில் அகப்படலாகாது என்று குமுறும் பெரியவர்கள் நம்மிடையே உளர். அவர்களுக்கு மறுமொழி கூறுவது நம் நோக்கமன்று. அவர்களுடைய கட்சி தெரிந்த கட்சி. அதனோடு மோதுதற்கு வேறு மேடைகள் உண்டு. நாம் இன்று வழக்காட விழைவது நண்பர்களோடு. "எழுதுங்கள், ஆனால் அந்தப் பிள்ளைகளை நல்லவர்களாகக் காட்டுங்கள். பொய்யும் பொறாமையும் கோழைத்தனமும் அவர்கள்மேற் படவிடாதீர்கள். சமூகம் இரங்க வேண்டுமல்லவா?" என்று அன்போடு அறிவுரை பகர்கின்றார்களே, அந்த நண்பர்களோடு!

இரக்கம் வேண்டி எழுதுவது விண்ணப்பம். நாவல் விண்ணப்பமாயின் அதை எவன் இரண்டாந் தடவை படிப்பான்?

ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட 'ஃபனி போய்' நாவலை எடுத்துக்கொள்வோம். கொழும்புத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஆர்ஜி, தன்னோடு படிக்கும் ஷெஹான் என்னும் மாணவனை விரும்புகிறான். இருவரும் முதன்முதல் நெருங்கிய பின்னர் என்ன செய்கிறான்? வெட்கம் மேலிட, அதே தோழனை வெறுக்கிறான், அவனை நோகடிக்கிறான். பின்பு தெளிந்து, தோழனை வதைக்கும் அதிபரை விழா மேடையிலே தலைகுனிய வைப்பதற்காகத் தான் ஒப்புவிக்க வேண்டிய கவிதைகளை வேண்டுமென்றே குழறுகிறான்.

அரசியல் வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இது. அந்த அதிபர் கொடியவர்தாம். ஆயினும், பாடசாலையைச் சிங்கள பௌத்தப் பாடசாலையாக்கத் துடிக்கும் உப அதிபருக்கு எதிரே தமிழ் மாணவர்க்கு எஞ்சியிருந்த அரண் அவரே. ஆர்ஜி இதை அறிவான். அறிந்தே அரணை இடிக்கிறான். இனத்தின் நலமா, தோழனின் முதுகில் விழும் பிரம்பா என்ற கேள்வியிலே, பிரம்பைத் தடுக்கப் புறப்படுகிறான். அவன் செய்தது சரியா? தமிழன் என்ற முறையில் நமக்கு நெஞ்சு குத்துகிறது. மனிதன் என்ற முறையில் அவனைக் கைவிட முடியவில்லை. மாசற்ற மாணிக்கமாக அவனை வார்த்திருந்தால், 1983 யூலையில் அவன் வீடு எரியும்போது வெறும் பரிதாபத்தோடு நாம் எழுந்து போயிருப்போம்.

அதே ஆசிரியர் 2005இல் இளையோருக்கென்றே எழுதிய 'ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ' இன்னும் துணிவானது. 1980ஆம் ஆண்டுக் கொழும்பு; பெற்றோரை இழந்த பதினான்கு வயது அம்ரித்; கனடாவிலிருந்து வரும் மைத்துனன் நிரேஷ். வளர்த்தவர்கள்மீதே சிடுசிடுக்கும் பையன் அம்ரித். நிரேஷின் கண் வளர்ப்புக் குடும்பத்து மகள் மாலாமீது செல்ல, பொறாமை வெறியில் அவளை நீருக்குள் அமிழ்த்துமளவுக்குப் போகிறான்! அவனுடைய பாடசாலையில் ஒத்திகை நடக்கும் நாடகம் 'ஒதெல்லோ' என்பது சற்று வெளிப்படையான குறிப்புத்தான், போகட்டும். பொறாமை அவனை அருவருக்கத்தக்கவனாக்கவில்லை, நமக்குத் தெரிந்தவனாக்குகிறது.

அமெரிக்காவில் ஜோன் டொனவன் 1969இல் எழுதிய நாவலை இளையோருக்கான இவ்வகை நாவல்களுள் முதலாவதாகக் கூறுவர். அதிலே நண்பனை முத்தமிட்ட பையனின் உயிருக்குயிரான நாய் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறது. தன் செயலுக்குக் கிடைத்த தண்டனையோ என்று அவன் மருள்கிறான். அக்காலத்தார் பிழைக்குத் தண்டனை விதித்தனர். நம் நண்பர்களோ பிழையையே தடைசெய்கின்றனர்.

இந்த அச்சத்தின் வேர் நமக்குத் தெரியாததன்று. வெள்ளையராட்சியின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இவ்வுறவைக் குற்றமாக்கியது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அவ்வலைக்குள் இழுத்தது. அதை மாற்ற வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது 2023 மே மாதத்திலேதான். குற்றவாளி என்று சட்டம் சுட்டும்போது நற்சான்றுப் பத்திரம் தேடி ஓடுவது இயல்பு. ஆனால் நற்சான்று பெற்றவனுக்கே காதலிக்கும் உரிமை என்பது சட்டக்கோவையின் வாதமன்றி வேறென்ன?

யாழ்ப்பாணத்திற்கு இந்த வழக்குப் புதிதுமன்று. ஒடுக்கப்பட்டோரின் வாழ்வும் பேச்சும் கதைகளில் ஏறியபோது 'இழிசனர் இலக்கியம்' என்று பண்டிதர்கள் பழித்த மண் இது. டானியலும் டொமினிக் ஜீவாவும் அதற்கு அஞ்சிப் பேனாவை மூடவில்லை. நல்லூரிற் பிறந்த எஸ். பொன்னுத்துரை 'தீ' நாவலில் பாலுணர்வைப் பச்சையாக எழுதியபோது எழுந்த கூச்சலை மூத்த வாசகர் அறிவர். கூச்சல் ஓய்ந்தது; நூல் நிற்கிறது.

செல்வதுரையின் நூல்களுக்கும் ஓர் எல்லை உண்டு. அவை ஆங்கிலத்தில் எழுந்தவை. கொழும்பு வசதியுள்ளோர் வீட்டுக் கதைகள். 'ஃபனி போய்' நாவலிலே யாழ்ப்பாணம் பிறர் போய்வரும் ஊர். போன டரில் மாமா பிணமாகும் ஊர். பருத்தித்துறை பஸ்ஸில் தோழியின் கையைப் பற்றியிருந்துவிட்டு, வீட்டிலே தாய் கேட்டதும் "அவளை எனக்குப் பழக்கமேயில்லை" என்று சாதிக்கும் ஒரு பெண்பிள்ளையை அங்கே காண முடியாது. அவளை எழுத வேண்டியவர்கள் இங்கிருப்பவர்கள். அந்தப் பொய்யோடும், பொய் சொன்ன இரவில் அவள் படும் பாட்டோடும், மறுநாள் தோழியின் முகத்தைப் பாராது சைக்கிளைத் திருப்பும் கோழைத்தனத்தோடும் எழுத வேண்டும். 2020இல் தீபா மேத்தா அந்நாவலைத் திரைப்படமாக்கியபோது, தமிழ்ப் பாத்திரங்களின் வாயில் தமிழ் சிதைகிறதென்று நம்மவர் கண்டித்தனர். நியாயமான கண்டனம். சிதையாத யாழ்ப்பாணத் தமிழில் அந்தப் பிள்ளை பொய் சொல்வதைக் கேட்க நாம் காத்திருக்கிறோம்.