60 வாங்கினால் குணம், 65 வாங்கினால் நோய்

உடல் இயங்கும் திறனுக்கு நூற்றுக்கு 65 மதிப்பெண் வாங்கியவர் ஆய்வில் சேரும் அளவுக்கு நோயாளி. அதே அளவுகோலில் 60 வாங்கியவர் குணமானவர் வரிசையில் சேரலாம். பிரிட்டனின் ‘பேஸ்’ ஆய்வில் நடந்த கூத்து இது. குணமானவர் எனச் சொல்ல வேறு நிபந்தனைகளும் இருந்தன என்றாலும், 2007இல் அச்சிட்ட ஆய்வுத் திட்டத்தில் இந்த எல்லை 85, பிறகுதான் இறக்கினார்கள்.

நாள்பட்ட சோர்வு நோய் கொண்ட 641 பேரிடம் நடந்த ஆய்வு. ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு, பெரும்பாலும் அரசுப் பணம். படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பலன் தருவதாக 2011இல் ‘லான்செட்’ இதழில் அறிவித்தார்கள். இரண்டிலும் 22 சதவீதம் பேர் குணமானதாக 2013இல் இன்னொரு கட்டுரை. பயிற்சி செய்து படுத்த படுக்கையான நோயாளிகள் பலர் நம்பவில்லை.

பெயர் நீக்கிய தரவைத் தகவல் சுதந்திரச் சட்டப்படி 2014இல் ஒரு நோயாளி கேட்டார். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் மறுத்தது. தகவல் ஆணையர் கொடுக்கச் சொன்னார்; பல்கலைக்கழகம் மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்குச் செலவு மட்டும் சுமார் இரண்டரை லட்சம் பவுண்டு. தரவைக் கொடுத்தால் ஆய்வாளர்களுக்குத் தொல்லை வரும் என்பதும் ஒரு வாதம். கருத்தரங்கில் ஒருவர் கூச்சலிட்டதைத் தாண்டி அதற்கு உருப்படியான சான்று இல்லை. 2016 ஆகஸ்டில் தீர்ப்பாயம் மேல்முறையீட்டைத் தள்ளியது.

வெளிவந்த தரவைப் பழைய அளவுகோலை வைத்து மறுபடி கணக்கிட்டபோது, நடத்தைச் சிகிச்சையில் 22 சதவீதம் 7 ஆனது, உடற்பயிற்சியில் 4. இரண்டும் இல்லாமல் நிபுணர் மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 3. அளவுகோலை மாற்றியது சரியே என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். வாதிடட்டும், எதிர்வாதம் செய்பவர் கையிலும் அதே தரவு இருக்க வேண்டும் அல்லவா?

அந்தரங்கம் பற்றிய கவலையை நான் ஒதுக்கவில்லை. ஊர், வயது, நோய் மூன்றையும் சேர்த்தாலே சிலரை அடையாளம் கண்டுவிடலாம். தரவு வெளியே போகும் என்று இந்த ஆய்வில் சேர்ந்தவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. ஆனால் அது ஒப்புதல் படிவத்தில் முதல் நாளே தீர்க்க வேண்டிய காரியம். அடையாளம் தெரியும் அபாயமுள்ள விவரங்களைக் கட்டுப்பாட்டுடன் ஆய்வாளர்களுக்கு மட்டும் காட்டலாம்.

பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டி 2021இல் அந்த உடற்பயிற்சிப் பரிந்துரையைக் கைவிட்டது. மறுகணக்கு மட்டுமே காரணமல்ல. இத்தகைய ஆய்வுகளின் சான்றுகளையே தரம் குறைந்தவை என்று அது மதிப்பிட்டது. ஒரு நோயாளி நீதிமன்றப் படியேறித்தான் கணக்கைச் சரிபார்க்க முடியும் என்ற நிலைக்கு நல்கை தரும் அரசு அமைப்புகளும் பொறுப்பு. கட்டுரை வெளியாகும் நாளிலேயே தரவும் களஞ்சியத்தில் சேர வேண்டும், சேரும்வரை கடைசித் தவணை கிடையாது என்று அவை ஒப்பந்தத்தில் எழுதலாம்.