நகைப்பெட்டியைக் காட்டி வாக்குக் கேட்ட நாகரிகம்!

2016ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர முதல்வர் தேர்தல் நடந்தபோது, அந்நகரத்துத் தமிழர் இல்லங்களுக்கு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் கொன்சவேட்டிவ் கட்சியின் அபேட்சகர் சாக் கோல்ட்ஸ்மித். அவரை எதிர்த்து நின்ற தொழிற்கட்சியின் சாதிக் கான், அமைச்சராக இருந்த காலத்தில் இலங்கைத் தமிழர் பிரச்சினையைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றும், அவருடைய கட்சியினால் குடும்பச் சொத்துகளுக்கு வரி வரும் என்றும் அக்கடிதம் அச்சுறுத்தியது. இந்தியர் வீடுகளுக்குச் சென்ற கடிதத்திலோ மோடியின் பெயர் இருந்தது. குஜராத்திக்கு ஒரு பூச்சாண்டி, தமிழனுக்கு ஒரு பூச்சாண்டி. நகைப்பெட்டி மாத்திரம் இருவர்க்கும் பொது!

கடிதத்தை எழுதியவர்கள் மூடர்கள் அல்லர். இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் கழுத்திலும் காதிலும் கிடந்ததை அடகு வைத்து உயிர் காத்த மக்கள் நாம். எமக்கு நகை ஆடம்பரமன்று. அகதியின் வங்கி அது. அந்த நோவு எங்கேயிருக்கின்றது என்று தேடிப் பார்த்து, அதன்மேல் விரலை வைத்து அழுத்தினார்கள். ஆனால், சட்டம் என்ன சொல்கின்றது? இலண்டன் முதல்வர் பதவி 1999ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. பஸ், சுரங்க ரயில் கட்டணங்கள், பொலிஸ் மேற்பார்வை, நகர அமைப்புத் திட்டம், கவுன்சில் வரியில் ஒரு பங்கு ஆகியவை அவருடைய அதிகாரத்துள் அடங்கும். ஒரு கிழவியின் அட்டியலுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் எந்த மூலையிலும் காண முடியாது. இல்லாத அதிகாரத்தைக் காட்டி இல்லாத அச்சத்தை ஊட்டுவதற்கு எமது நீதிமன்றங்களில் வேறு பெயருண்டு.

அபேட்சகரின் பூர்வீகத்தை ஆராயக் கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. தாராளமாக ஆராயட்டும். கான், 1968இல் பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பெற்றோரின் எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். தந்தை பஸ் சாரதி. தாய் தையல் வேலை செய்தவர். அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்து, சட்டம் பயின்று, 1994 முதல் 2006 வரை வான்ட்ஸ்வேர்த் உள்ளூராட்சிச் சபையில் அங்கத்தவராக இருந்தவர். கோல்ட்ஸ்மித்தோ கோடீசுவரரின் மைந்தர், ஈற்றனில் படித்தவர். இவரது ஏழ்மையை நாம் தகுதியாகவும் கொள்ளவில்லை, அவரது செல்வத்தைக் குற்றமாகவும் கொள்ளவில்லை. நாம் கேட்பது வேறு: பொதுவாழ்வில் இவர் செய்தது என்ன?

தமிழனுக்கென்றே கடிதம் எழுதியவர்கள், தமிழனுக்கு மிக நெருக்கமான ஒரு செய்தியை அதிலே எழுத மறந்துபோனார்கள். 2005 நவம்பரில், சந்தேக நபரைக் குற்றச்சாட்டு எதுவுமின்றி 90 நாள் தடுத்து வைக்க பிளேயர் அரசாங்கம் அதிகாரம் கேட்டது. அவ்வாண்டு மே மாதத்திலேதான் கான் முதன்முதலாகப் பாராளுமன்றம் புகுந்திருந்தார். புதிய அங்கத்தவன் கட்சிக் கொறடாவுக்கு அஞ்சுவது வழக்கம். அவரோ சொந்தக் கட்சியின் அரசாங்கத்துக்கு எதிராக வாக்களித்தார். அந்த ஏற்பாடு தோற்றது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 18 மாதம் வரை எம் பிள்ளைகளைத் தடுத்து வைக்கலாம் என்றிருந்த நாட்டிலிருந்து ஓடிய தமிழனுக்கு (2022இல்தான் அது 12 மாதமாகக் குறைந்தது) 90 நாள் என்பதன் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வாக்களிக்குமுன் அவன் நிறுத்துப் பார்க்க வேண்டியது அந்த வாக்கையா, அட்டியலையா?

வழக்கறிஞராக இருந்தபோது தீவிரவாதிகளுக்காக வாதாடினார் என்றும் பழித்தார்கள். பொலிசுக்கு எதிராக வழக்காடியவர்களுக்கும், 2001இல் அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம் தலைவர் லூயிஸ் பராக்கானுக்கும் அவர் வழக்கு நடத்தியது உண்மையே. பராக்கானின் பேச்சில் எமக்கு எள்ளளவும் மதிப்பில்லை. ஆயினும் கட்சிக்காரனின் குற்றம் சட்டத்தரணியைப் பற்றும் என்றால், பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகளுக்காக இந்நாட்டு நீதிமன்றங்களில் எழுந்து நின்ற ஒவ்வொருவரும் குற்றவாளியே. இந்தப் பழியை நாம் கொழும்பிலே கேட்டுச் சலித்தவர்கள். இலண்டனிலிருந்தும் அது வர வேண்டுமா?

2016 ஏப்ரல் 20ஆந் திகதி பிரதமர் டேவிட் கமரனே பாராளுமன்றத்தில் எழுந்தார். கானுடன் மேடையேறிய ஓர் இமாம் ஐ.எஸ். ஆதரவாளர் என்று, சிறப்புரிமையின் நிழலில் நின்றுகொண்டு சொன்னார். தேர்தல் முடிந்தபின் மன்னிப்புக் கோரினார். மே முதலாந் திகதி கோல்ட்ஸ்மித் எழுதிய கட்டுரைக்கு ஒரு பத்திரிகை இட்ட படம், 2005 யூலை 7இல் குண்டினால் சிதைந்த பஸ்ஸின் படம். பஸ் சாரதியின் மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சிதைந்த பஸ்ஸை இழுத்து வந்தார்கள்! கொன்சவேட்டிவ் கட்சியின் சயீதா வார்சி அம்மையாரே இப்பிரசாரத்தைக் கண்டித்தார். மே 5இல் கானுக்கு 13,10,143 வாக்குகள்; கோல்ட்ஸ்மித்துக்கு 9,94,614.

கானுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. 2009இல் எம்மவர் பாராளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்காகக் கிடந்து கதறியபோது அவர் அரசாங்கத்தில் இருந்தார். மூடிய கதவுகளுக்குள் என்ன சொன்னீர் என்று கேட்கத் தமிழனுக்கு உரிமையுண்டு. 2010இல் பாராளுமன்றம் புகுந்த கோல்ட்ஸ்மித், அட்டியலோடு முடிச்சுப் போட்டு அதைக் கேட்டதே கேள்வியைக் கேவலப்படுத்திற்று. முதல்வரானபின் கட்டணங்கள் அனைத்தையும் நான்காண்டு உயர்த்தேன் என்ற கானின் வாக்குறுதியும் முழுமையாக நிறைவேறவில்லை. தனிப் பயணக் கட்டணம் நின்றது. நாட்சீட்டும் மாதச்சீட்டும் ஏறின. இவ்வாறு கேட்டால் அது ஆராய்ச்சி. அவர் எந்தப் பள்ளிவாசலுக்குப் போனார் என்று கேட்டால்?

அக்கேள்வியின் சுவை எம் நாவுக்கும் புதியதன்று என்பதை ஒளிப்பானேன்! 1950களில் எம். எம். சுல்தான் யாழ்ப்பாண மாநகர முதல்வராக வீற்றிருந்தார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம்களை வெளியேற்றினர். அத்தகைய ஒரு முதல்வரைத் தரவல்ல ஊரையும் அத்துடன் வெளியேற்றினார்கள். இன்றும் எமது சபைகளுக்கு ஒருவர் அபேட்சகராக நின்றால் முதலில் எழுவது எந்தக் குறிச்சி, எந்தச் சாதி, கோயிலா தேவாலயமா என்ற குசுகுசுப்பே. அவர் கடந்த சபையில் எத்தனை கூட்டங்களுக்குச் சமுகமளித்தார், சந்தைக் குத்தகையில் எந்தப் பக்கம் கையுயர்த்தினார், வெள்ள வாய்க்காலை மறித்த மதில் யாருடையது என்பவற்றையெல்லாம் கேட்பாரில்லை. கூட்டக் குறிப்பேடு சபைக் காரியாலயத்திலேயே கிடக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் எழுத்தில் விண்ணப்பித்து அதன் பிரதியைப் பெறலாம். காரணம் கேட்க அதிகாரிக்கு உரிமையில்லை.