ஜாபிதாவும் கையெழுத்தும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மலைக்கும் காட்டுக்கும் அழைத்துப் போய், கூடாரத்தில் தங்க வைத்து, மூன்று நாள் கழித்துத் திருப்பி அழைத்து வருவது நகரத்துப் பள்ளிகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம். நான் அதற்கு விரோதி அல்ல. மின்விசிறி இல்லாத இடத்தில் ஓர் இரவாவது தூங்கியறியாத பிள்ளை உலகத்தைப் பற்றி என்னத்தைத் தெரிந்துகொள்ளப் போகிறது? என் சண்டை முகாமோடு அல்ல. முகாமுக்கு முந்திய பதினைந்து நாட்களோடு. 'தயார் செய்தல்' என்ற பெயரால் அந்தப் பதினைந்து நாட்களில் நடக்கிற கூத்து இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். ஏற்காட்டு முகாமுக்காக அவள் பள்ளியிலிருந்து வந்த காகிதத்தை அவள் தகப்பனார் என்னிடம் காட்டினார். இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுவதும் சாமான் ஜாபிதா. கல்யாணத்துக்குச் சீர்வரிசை எழுதுகிறவர்கள்கூட இவ்வளவு விஸ்தாரமாக எழுத மாட்டார்கள். படுக்கைப் பை, டார்ச் விளக்கு, மழைக் கோட்டு, கொசுவுக்கு ஒரு களிம்பு, வெயிலுக்கு ஒரு களிம்பு, புதிய ஷூ ஒரு ஜோடி. இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு பத்தி: வழியிலோ முகாமிலோ நேரக்கூடிய எந்த விபத்துக்கும் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல என்று பெற்றோர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான். வாங்கு, பணத்தைக் கட்டு, கையெழுத்தைப் போடு, பிள்ளை தயார்!

அந்தப் 'புதிய ஷூ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் நடந்தறிந்த எவரும் அப்படி எழுதியிருக்க முடியாது. புது ஷூவை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினால் முதல் மைலிலேயே குதிகால் கொப்புளித்துவிடும். மறுநாள் மற்றப் பிள்ளைகள் நடக்கப் போகும்போது அந்தப் பிள்ளை பஸ்ஸில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருக்கும். பழைய ஷூ போதும். புதிதுதான் வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்னதாக வாங்கி, கடைக்கும் கோயிலுக்கும் (கோயில் வாசல் வரையில்தான்) போட்டுக்கொண்டு நடந்து பழக வேண்டும். ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றனவே, வயிறு முட்டப் பூரியும் கிழங்கும் தின்றுவிட்டு ஏறாதே என்று ஒரு வார்த்தை உண்டா? கடலோரத்தில் பிறந்து வளர்ந்த குழந்தைக்கு ஐயாயிரம் அடி உயரத்து இரவு எப்படியிருக்கும் என்று ஒரு வார்த்தை? இல்லை. கடைக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்தது. மலைக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை.

1907-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் பிரௌன்ஸீ என்ற சின்னத் தீவில் பேடன் பவல் சுமார் இருபது பையன்களை வைத்து ஒரு முகாம் நடத்தினார். சாரணர் இயக்கத்துக்கு அதுதான் வித்து. 'தயாராக இரு' என்ற வாசகம் பொறித்த பித்தளைச் சின்னம் அங்கே பையன்களுக்குக் கிடைத்தது. ஆனால் சும்மா கிடைக்கவில்லை. கயிற்றில் முடிச்சுப் போடவும், தடம் பார்த்துப் போகவும் தெரிந்தவனென்று பரீட்சையில் தேறிய பிறகுதான் அதைச் சட்டையில் குத்திக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈட்டன், ஹாரோ போன்ற பெரிய இடத்துப் பள்ளிகளிலிருந்து வந்த பையன்களுக்கு ஒரு பவுன் கட்டணம். சாமானியர் வீட்டுப் பையன்களுக்கு மூன்றரை ஷில்லிங். அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் பள்ளிகளில் பணம் கட்ட முடியாத பிள்ளை மூன்று நாளும் காலி வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறது. அதைத் தயார் செய்வார் யார்?

வீட்டிலும் லட்சணம் இப்படித்தான். பிள்ளையின் பையை அம்மா அடுக்குகிறாள். அம்மா அடுக்கிய பையில் துண்டு எந்த மூலையில் இருக்கிறதென்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இருட்டில் தேடி, எல்லாவற்றையும் வெளியே கொட்டி, கடைசியில் அழுகை. ஒரு வாரம் தான் தின்ற தட்டைத் தானே கழுவட்டும். பையைத் தானே அடுக்கி, அதைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு நாலு தரம் ஏறி இறங்கட்டும். எதை எடுத்துப் போட வேண்டுமென்று தோள் சொல்லும். ஓர் இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மாடியில் படுக்கட்டும். இதற்கெல்லாம் காசு செலவில்லை. அதனால்தானோ என்னவோ ஜாபிதாவில் இடம் பெறவில்லை.

சொல்லக் கூசுகிற விஷயம் ஒன்றுண்டு. சொல்லாமல் விடுவது அதைவிட மோசம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு முகாமில் இருக்கும்போது மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது? முதல் தடவையாகவே வந்துவிட்டால்? யாரிடம் போய்ச் சொல்வது, துணி எங்கே இருக்கும், தண்ணீர் எங்கே, போட்டதை எங்கே போடுவது? இரண்டு களிம்புகளுக்கு இடம் கொடுத்த காகிதத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. விளைவு என்ன? நாளை எண்ணிப் பார்க்கிற தாய், "வயிற்று வலி" என்று ஒரு சீட்டு எழுதிப் பெண்ணை வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிறாள். ஓர் ஆசிரியை பெண்களைத் தனியே உட்கார வைத்துக் கால் மணி நேரம் பேசினால் தீர்ந்துபோகிற காரியம் இது.

இனி அந்தக் கையெழுத்து. சட்டத்தில் அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை வக்கீல்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது வேறு. 2007-ம் வருஷம் பிப்ரவரியில் கேரளத்தில் தட்டேக்காட்டில், உல்லாசப் பயணம் வந்த பள்ளிக் குழந்தைகளை அளவுக்கு மீறி ஏற்றிய படகு பெரியாற்றில் மூழ்கியது. குழந்தைகள் 15 பேர், ஆசிரியைகள் 3 பேர் போனார்கள். 2014-ம் வருஷம் ஜூன் மாதம் இமாசலப் பிரதேசத்தில், பியாஸ் நதிப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் கல்லூரி மாணவர்கள் 24 பேரை, மேலே அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று. அணைக்குக் கீழே ஆறு வறண்டு கிடந்தாலும் இறங்கக் கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால்? படகில் ஏறுமுன் "இதில் எத்தனை பேர் ஏறலாம்?" என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால்? பொறுப்பல்ல என்று கையெழுத்து வாங்குகிறவர்களுக்கு இப்படிக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

"போடாவிட்டால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களே, சார்" என்றார் அந்தத் தகப்பனார். அவர் சொல்வதும் நியாயந்தான். ஆசிரிய நண்பர் ஒருவரோ, "பாடம் முடிக்கவே நேரமில்லை; இதையெல்லாம் எப்போது செய்வது?" என்று என்மேல் பாய்ந்தார். நேரமில்லையென்றால் அழைத்துப் போகாதீர்கள் ஐயா! யார் கேட்டார்கள்? அழைத்துப் போவதென்றால், கூடப் போகிற ஆசிரியர் ஒரு மாதம் முன்னதாக அந்த இடத்துக்குப் போய் ஓர் இரவு தங்கட்டும். பிள்ளைகள் நடக்கப் போகிற பாதையில் நடந்து பார்க்கட்டும். ஓடை இருந்தால் அதன் ஆழத்தையும், ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்பதையும், கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் தெரிந்துகொண்டு வரட்டும். வந்து பெற்றோரைக் கூட்டி, பார்த்ததைச் சொல்லி, கேட்டதற்குப் பதில் சொல்லட்டும். பிறகு அந்த இரண்டாம் பக்கத்தின் அடியில் முதல் கையெழுத்தை அவர் போடட்டும். தகப்பனார் அதற்குக் கீழே போடுவார்.