பைத்தன் ஓடவில்லை என்று லெப்டொப்பை ஃபோர்மெட் பண்ணாதீர்கள்



ஏ.எல். ஐ.சி.டி. பிள்ளைகளின் பெற்றோருக்கும், அவர்களுக்கு வகுப்பெடுக்கும் சேர்மாருக்கும் இது.

நமது வீடுகளில் பெரும்பாலும் ஒரே லெப்டொப்தான். கம்பஸ் நானா தன் புரொஜெக்டுக்காக ஒரு பைத்தன் போட்டிருப்பார். ரியூஷன் சேர் சொன்னார் என்று தங்கச்சி வேறு வேர்ஷனை இறக்குவாள். யூடியூப் பார்த்து அனகொண்டாவும் வந்து சேரும். இப்போது ஒரே மெஷினில் மூன்று பைத்தன். பிப் மூலம் ஒரு லைப்ரரியை இன்ஸ்டோல் செய்தால் வெற்றி என்று காட்டும். புரோகிராமை ஓட்டினால் அப்படியொரு மொடியூலே இல்லை என்று எரர் வரும். லைப்ரரி போனது ஒரு பைத்தனுக்குள், புரோகிராமை ஓட்டுவது இன்னொன்று. பிரச்சினை இவ்வளவுதான்.

ஆனால் பிள்ளை, "எனக்கு இது ஏறாது" என்று முடிவெடுத்துவிடுகிறது. வாப்பா கடைக்குக் கொண்டு போகிறார். அங்கே ஃபோர்மெட். காசும் போய், நானாவின் புரொஜெக்டும் போய்விடும். (பெக்கப் எடுத்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை!)

லைப்ரரி இன்ஸ்டோல் பண்ணச் சொல்லும் அன்றே வேர்ச்சுவல் என்வைரன்மென்டையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. 2012இல் வந்த 3.3 வேர்ஷனிலிருந்தே அதற்கான வசதி பைத்தனோடு சேர்ந்து வருகிறது, காசில்லை. ஒவ்வொரு புரொஜெக்டுக்கும் தனி ஃபோல்டர், அதற்குள் அதற்குரிய லைப்ரரிகள். பழுதானால் அந்த என்வைரன்மென்ட் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பச் செய்யலாம். மற்றவருடையதில் கை படாது. எழுதிய புரோகிராமை மட்டும் அந்த ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள்.

"இது பரீட்சைக்கு வராதே" என்கிறார்கள் சிலர். வராதுதான். ஆனால் பத்து நிமிடப் பாடம் இது. இது தெரியாமல் பிள்ளை இரண்டு நாள் எரரோடு மல்லுக்கட்டிவிட்டுப் பாடத்தையே மாற்றப் போகிறேன் என்று நிற்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்னொன்று. "லேட்டஸ்ட் வேர்ஷன் போடுங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். விண்டோஸ் 7 ஓடும் பழைய மெஷினில் 3.8 தான் கடைசி, 3.9 ஏறாது. ஏ.எல். பாடத்துக்கு அந்த 3.8 தாராளம். புது லெப்டொப் வாங்க வசதியில்லாத பிள்ளை வகுப்பில் தலைகுனிய வேண்டியதில்லை. எந்த வேர்ஷன் என்பதை முதல் நாளே போர்டில் எழுதிவிடுங்கள் சேர்.