நான் கலெக்டரானால்

இங்கிலீஷ் இலக்கணத்தில் 'இஃப்' வாக்கியங்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் இதற்கு மூன்று பெட்டிகள் செய்து வைத்திருக்கிறார்கள். நடக்கக் கூடியது முதல் பெட்டி. வெறும் கற்பனை இரண்டாவது. நடக்காமல் போனது மூன்றாவது. முதல் பெட்டிக்கு 'வில்' என்று ஒரு பூட்டு, இரண்டாவதற்கு 'வுட்', மூன்றாவதற்கு 'வுட் ஹாவ்'. பூட்டை மாற்றிப் போடாமல் மாட்டத் தெரிந்தால் பரீட்சையில் மார்க் உண்டு. இராஜபாளையத்தில் சாயங்கால வேளையில் எந்த டியூஷன் வீட்டைக் கடந்து போனாலும் இந்தப் பூட்டு மாட்டும் சத்தம் காதில் விழும். "இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை" என்று முப்பது தொண்டைகள் ஒரே ராகத்தில் ஓதும். பறவையானால் பறப்பேனாம். எங்கே பறப்பாய் என்று எந்த வாத்தியாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

இந்தப் பாடத்தின் பேரில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பாடம் கஷ்டமாக இருக்கிறது, எடுத்து விடுங்கள் என்பதல்ல வழக்கு. இங்கிலீஷ் வேண்டாம் என்பதும் அல்ல. வயிற்றுப்பாட்டுக்கு அந்தப் பாஷை வேண்டியிருக்கிறது, அதை நன்றாகவே படிக்கட்டும். என் வழக்கு வேறு. எது நடக்கக் கூடியது, எது கற்பனை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இலக்கணத்துக்குக் கிடையாது. பேசுகிறவனுக்குத்தான் உண்டு. அந்த அதிகாரத்தைப் பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்கி நோட்ஸ் புத்தகத்தின் கையில் கொடுத்துவிட்டோம். இது இலக்கணப் பிழையை விடப் பெரிய பிழை.

நோட்ஸ் புத்தகங்களில் இரண்டாவது பெட்டிக்குக் கொடுத்திருக்கும் உதாரணங்களைப் பாருங்கள். நான் பறவையாக இருந்தால், நான் ராஜாவாக இருந்தால், நான் முதல் மந்திரியாக இருந்தால், நான் கலெக்டராக இருந்தால். பறவை சரி, மனிதனுக்குச் சிறகு முளைக்காது. ராஜாவும் போகட்டும், ராஜாக்கள் காலம் முடிந்துவிட்டது. ஆனால் முதல் மந்திரியையும் கலெக்டரையும் பறவையோடு ஒரே கூண்டில் அடைத்தது யார்? பரீட்சை எழுதிக் கலெக்டராகிறவர்கள் வருஷந்தோறும் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் சிறகு முளைத்துப் போனவர்களா?

எனக்குத் தெரிந்த ஒரு பெண். தகப்பனார் சத்திரப்பட்டியில் பாண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்க்கிறவர். 'கற்பனை நிலைகள்' என்ற தலைப்பில் ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அவள் ஒரு வாக்கியத்தை இப்படி எழுதியிருந்தாள்: நான் டாக்டரானால் எங்கள் ஊரிலேயே ஆஸ்பத்திரி வைப்பேன். 'இஃப் ஐ பிகம்' என்று தொடங்கி 'ஐ வில்' என்று முடித்திருந்தாள். இலக்கணப்படி அதில் எள்ளளவும் குற்றமில்லை. ஆனால் சிவப்பு மை அதன் மேல் பாய்ந்திருந்தது. 'பிகம்' அடிபட்டு 'பிகேம்' ஆகியிருந்தது. 'வில்' அடிபட்டு 'வுட்' ஆகியிருந்தது.

திருத்தியவர் கெட்டவர் அல்ல. தலைப்பில் கற்பனை என்று இருந்தது, ஆகவே கற்பனைப் பூட்டை மாட்டினார். ஆனால் அந்தச் சிவப்பு மை என்ன பேசிற்று என்று இங்கிலீஷ் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'நான் ஆகப் போகிறேனோ இல்லையோ, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால்' என்று தொலைவில் தள்ளி நிறுத்துகிற வாக்கியம் அது. அவள் எழுதியது ஓர் ஏற்பாடு. திருத்தி வந்தது ஒரு பகற்கனவு. தகப்பன் நெய்கிற துணி ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறதாம். மகள் ஆஸ்பத்திரிக்குள் டாக்டராகப் போவது மட்டும் இரண்டாவது பெட்டியாம். நன்றாயிருக்கிறது நியாயம்!

முதல் மந்திரி விஷயத்துக்கு வருகிறேன். வேறு எந்த ஊரில் இந்த உதாரணத்தைச் சொன்னாலும் சொல்லலாம், இந்த வட்டாரத்தில் சொல்லக் கூடாது. 1949 ஏப்ரலில் சென்னை மாகாண மந்திரிசபைக்குத் தலைமை ஏற்ற பி. எஸ். குமாரசாமி ராஜா இராஜபாளையத்துக்காரர். தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். 1954இல் முதல் மந்திரியான காமராஜர் விருதுநகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுக் கடையில் வேலைக்குப் போனவர். இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள்ளேயே, ஐந்து வருஷ இடைவெளியில், இரண்டு முதல் மந்திரிகள். இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு 'நான் முதல் மந்திரியாக இருந்தால்' என்பது கற்பனைக்கு உதாரணம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பையன் எழுந்து நின்று, "சார், இது முதல் பெட்டிதானே?" என்று கேட்டால் அவனுக்கு என்ன பதில்?

சரி, இந்தப் பாடம் ஏன் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை? புத்தியில்லாமல் அல்ல. அவர்கள் கையில் இருப்பதைக் கொண்டு சொல்லிக் கொடுக்காததால்.

ரென், மார்ட்டின் என்ற இரு துரைகள் 1930களில் ஓர் இலக்கணப் புத்தகம் எழுதினார்கள். இன்றும் கடைகளில் விற்கிறது. அது முதலில் இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு 'இஃப் ஐ வேர்' வீட்டுப் பேச்சு. வாயில் இருந்ததை வரிசைப்படுத்திக் கொடுத்தால் போதும். விதியும் அட்டவணையும் அவர்களுக்குப் போதும். நம் பிள்ளையின் வாயில் இருப்பது தமிழ். இராஜபாளையத்தில் பல வீடுகளில் தெலுங்கும் சேர்ந்து இருக்கிறது. அதை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்றால் குழந்தை எதைப் பிடித்துக்கொண்டு ஏறும்?

'இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் வாயைத் திறக்காதே' என்று கட்டளை போடுகிற பள்ளிக்கூடங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தப் பாடத்தில் குழந்தை தடுக்கி விழுகிற இடம் ஒரே ஓர் இடம். பேசுவது இன்றைக்கோ நாளைக்கோ உள்ள விஷயம். வினைச்சொல்லோ இறந்த காலத்தில் இருக்கிறது. 'இஃப் ஐ ஹாட் எ சைக்கிள்' என்றால், 'சைக்கிள் அப்போது இருந்தது, இப்போது இல்லை' என்று எண்ணிக்கொள்கிறான். நேற்று நடந்ததற்கு உரிய வினையை நாளைக்கு எப்படிச் சொல்லலாம் என்று திகைக்கிறான். திகைப்பு நியாயமானது. ஆனால் அதே பையன் காலையில் தாயாரிடம், "அப்பா வந்தால் நோட்டு வாங்கித் தரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறான். 'வந்தால்' என்பதில் என்ன காலம் இருக்கிறது? வந்தான், வந்தாள் என்பவற்றில் உள்ள அதே 'வந்த்' அங்கே உட்கார்ந்திருக்கிறது. அப்பா இன்னும் வரவில்லை. இனிமேல்தான் வர வேண்டும். இறந்த காலத்தின் உருவத்தை வைத்துக்கொண்டு வராத காலத்தைப் பேசுவது அவனுக்குப் பால்குடி வழக்கம். இதை ஒரு நிமிஷம் எடுத்துக் காட்டினால் போதும், இங்கிலீஷ்காரன் செய்வது மந்திரமல்ல, நம் வீட்டுச் சங்கதிதான் என்று அவனுக்கு விளங்கிவிடும்.

நம் இலக்கணக்காரர்களுக்கும் இது புதிதல்ல. பழைய 'செயின்' என்னும் வாய்பாட்டைத் தொல்காப்பியமும் நன்னூலும் வினையெச்ச வரிசையில் வைத்திருக்கின்றன. சாப்பிட்டுக்கொண்டே, கூப்பிடுகிறவனிடம் 'இதோ வந்துவிட்டேன்' என்று சொல்வதுண்டே, அந்தக் கால மயக்கத்தையும் விரைவு, தெளிவு என்று காரணம் சொல்லி நன்னூல் அனுமதிக்கிறது. வினையின் காலம் கடிகாரத்தை மட்டும் காட்டுவதில்லை, பேசுகிறவன் மனத்தையும் காட்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தமிழ் வகுப்பில் இல்பொருள் உவமை என்று ஓர் அணி சொல்லிக் கொடுக்கிறார்கள். உலகத்தில் இல்லாத பொருளை இருப்பதாக வைத்துப் பேசுவது. அடுத்த மணியில் இங்கிலீஷ் வாத்தியார் வந்து அதே கற்பனையைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு மணிகளுக்கும் நடுவே ஒரு சுவர்.

தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் வேற்றுமை இல்லையா என்றால், இருக்கிறது. அது மிக முக்கியமானது. 'மழை பெய்தால் கண்மாய் நிரம்பும்' என்கிறோம். 'மழை பெய்திருந்தால் கண்மாய் நிரம்பியிருக்கும்' என்கிறோம். இராஜபாளையம் கடைத்தெருவில் இதையே தெலுங்கில் 'வஸ்தே', 'வச்சி உண்ட்டே' என்று இரண்டாகச் சொல்லுவார்கள். வருவது ஒன்று, வராமல் போனது ஒன்று. நடுவில் உள்ள இரண்டாவது பெட்டிக்கு நம்மிடம் தனி உருவம் கிடையாது. 'எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்', 'கையில் பணம் இருந்தால் வருவேன்' என்ற இரண்டும் ஒரே அச்சு. எது நடக்கும், எது நடக்காது என்பதைக் கேட்கிறவன் உலக அறிவுக்கு விட்டுவிடுகிறோம். வற்புறுத்த வேண்டுமானால் 'மட்டும்' என்று ஒரு சொல்லைப் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஆகவே 'நான் கலெக்டரானால்' என்று ஒரு பிள்ளை தமிழில் சொல்லும்போது அது ஆசையாகவும் இருக்கலாம், தீர்மானமாகவும் இருக்கலாம். கதவு திறந்தே கிடக்கிறது. இங்கிலீஷில் சொல்லப் போனால் ஏதாவது ஒரு கதவைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்தப் பாஷை பேசுகிறவனைப் பார்த்து, 'இதை நீ நம்புகிறாயா, இல்லையா?' என்று கேட்கிறது. நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் மாணவன். நாமோ அவனுக்குப் பதிலாக நோட்ஸ் புத்தகத்தைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி வாங்குகிறோம்.

மூன்றாவது பெட்டியில் நடக்கும் அநியாயம் இன்னும் வேடிக்கை. நடக்காமல் போனதைப் பற்றி எண்ணிப் பார்ப்பது மனித புத்தியின் பெரிய ஆயுதம். தப்பு எங்கே நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்று கண்டுபிடிக்க அதை விட்டால் வேறு கருவி இல்லை. ஆனால் பாடத்தில் வரும் உதாரணங்கள் என்ன? 'அவன் நன்றாகப் படித்திருந்தால் தேறியிருப்பான்.' 'சீக்கிரம் புறப்பட்டிருந்தால் ரயிலைப் பிடித்திருப்பான்.' எல்லா வாக்கியத்திலும் குற்றவாளி அந்தப் பையன்தான். 'வகுப்புக்கு வாத்தியார் இருந்திருந்தால் தேறியிருப்பான்' என்று ஓர் உதாரணம் ஏன் இல்லை? இலக்கணம் தடுக்கிறதா?

சரித்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 பொதுத் தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152தான் கிடைத்தது. குமாரசாமி ராஜாவும் தோற்றார். ராஜாஜி வந்தார். அவர் 1953இல் கொண்டுவந்த அரைநாள் படிப்புத் திட்டத்தைக் காமராஜர் ஆட்சி 1954இல் கைவிட்டது. காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைத்திருந்தால் ராஜாஜியைத் தேடிப் போயிருப்பார்களா? அந்தத் திட்டம் நீடித்திருந்தால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் முழுநாள் பள்ளிக்கூடம் பார்த்திருப்பார்கள்? இந்தக் கேள்விகளை ஒரு வகுப்பில் போட்டுப் பாருங்கள். 'வுட் ஹாவ்' தானாக நாக்கில் வந்து உட்காரும். சொல்ல ஒரு விஷயம் இருப்பவனுக்குத்தான் இலக்கணம் தேவைப்படுகிறது.

"இதெல்லாம் பேச அழகாக இருக்கிறது, நாற்பது பிள்ளைகள், ஒரு வாத்தியார், தலைக்கு மேல் பரீட்சை. முதலில் மார்க், கற்பனை பிறகு" என்கிறார்கள். கஷ்டம் எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் பூட்டு மாட்டும் வித்தையினால் வாங்கிய மார்க் எத்தனை நாளைக்கு நிற்கிறது? பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஓர் இன்டர்வியூவில், "உங்களை இந்த வேலைக்கு எடுத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், முழு மார்க் வாங்கியவன் விழிக்கிறான். பூட்டு கையில் இருக்கிறது. பெட்டிக்குள் வைக்க ஒன்றுமில்லை.

கற்பனைக்கு நம் பக்கத்தில் பஞ்சமா? பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும் தன்னை இடைப் பெண்ணாகவும் பாவித்து முப்பது பாட்டுப் பாடினாள் ஒருத்தி. நாச்சியார் திருமொழியில், நடக்காத கல்யாணத்தைச் சடங்கு சடங்காகத் தோழியிடம் எடுத்துச் சொன்னாள். அதில் 'ஆனால்', 'இருந்தால்' என்ற இழுப்பே கிடையாது. நம் நோட்ஸ்காரர்கள் அன்றைக்கு இருந்திருந்தால் அவளையும் இரண்டாவது பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பார்கள். ஊர் அப்படிச் செய்யவில்லை. இன்றைக்கும் பங்குனி உத்திரத்தில் அவளுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறது. ஆடிப்பூரத்தில் தேர் இழுக்கிறது.

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. 'வந்தால்', 'வந்திருந்தால்' என்ற இரண்டு சொற்களைக் கரும்பலகையில் தமிழில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். பறவையாவேன் என்கிறவனிடம் எங்கே பறப்பாய் என்று கேளுங்கள். செண்பகத்தோப்பு மலைக்கா, அல்லது பள்ளிக்கூடத்துக்கு எதிர்த் திசையிலா என்று அவன் சொல்லட்டும். அணிலாக ஆசைப்பட்டாலும் ஆகட்டும். சாம்பல் நிற அணில்களுக்கென்றே 1988 முதல் சரணாலயம் இருக்கிற மலை அது. டாக்டராவேன், கலெக்டராவேன் என்று எழுதுகிற பிள்ளையின் வாக்கியத்தில் கை வைக்கும் முன், "இது ஆசையா, ஏற்பாடா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். 'ஏற்பாடு' என்று சொன்னால், 'வில்' என்று அவள் எழுதியதை அப்படியே விட்டுவிட்டு முழு மார்க் போடுங்கள்.