கற்பனை நாகமும் கடலடிக் கப்பலும்

சென்ற வாரம் செங்கலடியில் என்னிடம் தமிழ் பயிலும் மாணாக்கன் ஒருவன் கட்டுரையொன்று எழுதித் தந்தான். நம் நாட்டின்மேற் படையெடுத்து வந்தோரைப் பறவை நாகங்கள் தீயுமிழ்ந்து துரத்தின என்பது அதன் பொருள். இவ்வகைக் கற்பனை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. நெப்போலியன் படை இங்கிலாந்தினுட் புகாதவாறு பறவை நாகங்கள் வானிலே பொருது தடுத்தனவாகக் கற்பித்து, நவோமி நோவிக் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2006இல் ஒரு நாவல் வெளியிட்டார்.

இதனைப் பிள்ளை விளையாட்டென்று தள்ளுவாரும் உளர். நான் தள்ளேன். இலங்கைமேல் வந்த படையை எதிர்த்து, முகிலிடை மறைந்து நின்று நாகபாசம் விடுத்தவன் இந்திரசித்து. அக்கட்டு அறக் கருடன் பறந்து வந்த காட்சியைக் கம்பரிடம் காண்கிறோம். அக்கதையையே இராவணன் பக்கம் நின்று மாற்றியுரைத்து, 1946இல் இராவண காவியம் செய்தார் புலவர் குழந்தை. ஆகவே வானப்போரும் நமக்குப் புதிதன்று. கதையைத் திருப்பி நோக்குதலும் புதிதன்று.

நிற்க. "தம்பி, நம் கடலின்மேல் மெய்யாகவே ஒரு வானப்போர் நடந்ததை அறிவாயா?" என்று வினவினேன். "அறியேன் ஐயா" என்றான். வகுப்பில் ஒருவரும் அறிந்திலர். அதுவே என் கவலை.

1942 ஏப்ரல் 5ஆம் நாள் யப்பானிய வானூர்திகள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் நாட் காலை திருகோணமலையைத் தாக்கின. அத்தாக்குதலுக்கு அஞ்சி முதல்நாளிரவே துறைமுகம் நீங்கிய 'ஹெர்மிஸ்' என்னும் பிரித்தானியக் கப்பல், மட்டக்களப்புக்கு நேரே கடலில் அகப்பட்டது. அது வானூர்திகளைத் தாங்குவதற்கென்றே கட்டப்பெற்ற கப்பல். அன்றோ அதன்மேல் ஒரு வானூர்தியுமில்லை. குண்டுவீச்சு வானூர்திகள் பல அதன்மேற் பாய்ந்தன. அரைமணி நேரத்திற்குள் அது மூழ்கியது. உடன்வந்த 'வம்பயர்' என்னும் அவுஸ்திரேலியக் கப்பலும் மூழ்கியது. 'ஹெர்மிஸ்' கப்பலில் மட்டும் 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். உதவிக்கு வந்த வானூர்திகள், அது மூழ்கிய பின்னரே வந்தடைந்தன. ஏறத்தாழ 600 பேரை 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது. அஞ்சிய படையிறக்கம் நிகழவில்லை. யப்பானியர் திரும்பிச் சென்றனர்.

கதையில் வரும் நாகம் உரிய வேளையில் வந்துவிடுகின்றது. மெய்யான போரில் வரவேண்டியவை பிந்தி வந்தன. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தை உணர்ந்தவனே "அவ்வாறன்றி இவ்வாறு நிகழ்ந்திருந்தால்?" என்று கேட்கும் தகுதியுடையவன். நிகழ்ந்ததை அறியாதவன் மாற்றுவதற்கு அவனிடத்தில் என்ன இருக்கிறது? அவன் கதையிற் சாவோருக்குப் பெயருமில்லை, தாயுமில்லை. வெற்றியோ விலையின்றிக் கிடைத்துவிடுகிறது. போரின் சுவடு இன்னும் மாறாத இம்மண்ணின் பிள்ளைகளுக்குப் போரை விலையற்ற விளையாட்டாகக் காட்டுதல் தகுமா?

இன்றும் அக்கப்பல் நம் கடலடியில், ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கின்றது. அதனைக் காண அயல்நாட்டார் வந்து மூழ்குகின்றனர். அருகிருக்கும் நம் மாணாக்கரோ அதன் பெயரும் அறியார். இக்குறை ஆசிரியராகிய எம்முடையதே.

கட்டுரையைக் கிழிக்கவில்லை, திருப்பிக் கொடுத்தேன். "நாகம் பறக்கட்டும். ஆனால் அந்த ஏப்ரற் காலையை முதலில் எழுதி வா" என்றேன்.