வியாசர்பாடியில் வாடகை மலிவாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "வட சென்னையில்தான் வாடகை கம்மியாச்சே, அங்கே இருப்பவங்களுக்கு என்ன கஷ்டம்?" அடையாற்றில் உட்கார்ந்து பார்த்தால் கம்மிதான். ஒரு கணக்குப் போடுவோம், நாலாம் வகுப்புக் கணக்கு.

மனைவி வீட்டு வேலைக்குப் போகிறார், கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 20,000 ரூபாய் என்று வையுங்கள். ஒரு ஹால், ஒரு கிச்சன், பொது பாத்ரூம். வாடகை 7,000. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போயிற்று. லட்சம் ரூபாய் சம்பளத்தில் 25,000 வாடகை கொடுப்பவருக்குக் கால் பங்குதான் போகிறது. யாருக்கப்பா மலிவு?

அடுத்து அட்வான்ஸ். பத்து மாத வாடகை, 70,000 ரூபாய். அந்தக் குடும்பம் அதற்கு எங்கே போகும்? மூன்று வட்டிக்கு வாங்கும். மாதம் 2,100 வட்டி. ஆக, அந்த வீட்டின் உண்மையான வாடகை 9,100. டூ-லெட் போர்டில் இதை யாரும் எழுதுவதில்லை. ஹவுஸ் ஓனர் கையில் 70,000 வட்டியில்லாமல் கிடக்கிறது. காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். பெயிண்ட் அடித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ல் நிறைவேறி 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் செல்லும் என்று ஒரு ஓட்டையையும் விட்டுவைத்திருக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எதில்தான் கையெழுத்துப் போடமாட்டார்? பாதிப் பேருக்கு ஒப்பந்தமே கிடையாது. பின்பக்கம் அட்டவணை போட்ட ஒரு நோட்டில் வாடகையைக் குறித்துக்கொள்வதோடு சரி.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது கரண்ட் பில். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் உள்ள போர்ஷனில் 200 யூனிட் ஓடினால் வாரியத்துக்குக் கட்டவேண்டியது 250 ரூபாய்கூட ஆகாது. குடியிருப்பவரிடம் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று 2,000 வாங்குகிறார்கள்! அரசு ஏழைக்குக் கொடுத்த சலுகை நடுவழியில் யார் பைக்குப் போகிறது? ஒரே மீட்டரில் நாலு குடித்தனம் இருந்தால் ரேட் ஏறும், ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் வந்த பில்லைக் காட்டிப் பங்கு பிரியுங்கள்.

பெரம்பூரில் மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டியதிலிருந்து வாடகை ஏற்ற இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது. ரயில் இன்னும் வரவில்லை, வாடகை வந்துவிட்டது. கட்டுப்படாதவர்கள் மீஞ்சூர் பக்கம் போகலாமே என்பார்கள். புரசைவாக்கத்தில் காலை ஆறு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வரவேண்டிய பெண் அங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவாள்?

இதை அரசுக்கு மட்டும் எழுதவில்லை. என்னிடம் படித்தவர்களில் எத்தனையோ பேர் இன்று மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும், பெருமைதான். வங்கிக் கடன் தவணை இருக்கிறது என்பீர்கள். அதற்கு வாடகை இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸும் பத்து ரூபாய் யூனிட்டும் எந்தத் தவணையில் சேர்த்தி? உங்கள் அப்பா அம்மாவும் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்துதானே உங்களைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்? ஹாஜர் எடுத்தவள் நான், எனக்கு விலாசம் ஞாபகம் இருக்கிறது.

மூன்று மாத அட்வான்ஸ், எழுத்தில் ஒப்பந்தம், வாரிய ரேட்டில் கரண்ட். இதற்குச் சம்மதிப்பவர்கள் கீழே "சூப்பர் டீச்சர்" என்று போடவேண்டாம், எனக்குப் போன் செய்யுங்கள். என்னிடம் படித்த ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடு ஒரு மாதமாக வீடு தேடுகிறாள். பிள்ளைகள் படிப்பது எம்.கே.பி. நகரில். அதற்கு நடக்கிற தூரத்தில் இருந்தால் நல்லது.